குவாண்டம் கணினிக்கு ஒரு காது: வாசகர் கேள்வி பதில்

2025ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு ஜோன் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜோன் மார்டினிஸ் மூவருக்கும் கிடைத்த பிறகு, மீக்கடத்தி, அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள், கொண்டு செய்த சுற்றுகளைப் பற்றிய கேள்விகள் நிறைய வருகின்றன. இந்த முறை திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். எல்லோரும் வேறுவேறு மாதிரிக் கேட்டிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: குவாண்டம் கணினியின் குபிட், அதாவது பூச்சியம் ஒன்று என்ற தகவலைத் தாங்குகிற அடிப்படை அலகு, தருகிற மிக மெல்லிய சமிக்ஞையைக் கெடாமல் எப்படிக் கேட்பது? பள்ளிக்கூடப் புத்தகத்தில் விரியலாக்கி என்று படித்ததைத்தான் இங்கே பெருக்கி என்று எழுதுகிறேன்.

குபிட் பூச்சியத்தில் இருக்கிறதா ஒன்றில் இருக்கிறதா என்று வோல்ற்றுமானி வைத்துப் பார்க்க முடியாதா?
*உயர்தர மாணவி, உவர்மலை*

முடியாது தங்கச்சி. குபிட்டில் இருப்பது ஒரேயொரு பொட்டலம் சக்தி. வயரைத் தொடுத்த கணமே அது வயர் வழியாக ஓடிப்போய்விடும், பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சாது.

சந்தையில் தேங்காய் வாங்கும்போது என்ன செய்கிறோம்? உடைத்தா பார்க்கிறோம்? விரலால் தட்டி, சத்தத்தை வைத்து முற்றலா இளசா என்று சொல்லிவிடுகிறோம். அதே வேலைதான் இங்கேயும். குபிட்டுக்குப் பக்கத்தில் ஒரு பரிவுச் சுற்றை வைத்திருப்பார்கள், நீங்கள் படிக்கிற தூண்டி கொள்ளளவிச் சுற்றுத்தான், சில்லில் ஒரு மெல்லிய உலோகக் கோடாக இருக்கும். குபிட் பூச்சியத்தில் இருந்தால் அந்தச் சுற்று ஒரு மீடிறனில் அதிரும், ஒன்றில் இருந்தால் ஒரு சில மெகாஹேர்ட்ஸ் தள்ளி அதிரும். 6 அல்லது 7 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலையை ஒரு துடிப்பாக அனுப்பித் தட்டிப் பார்க்கிறார்கள். திரும்பி வருகிற அலையின் அவத்தை, அதாவது அதன் ஏற்ற இறக்கம் வருகிற நேரம், எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதுதான் விடை.

இங்கே இரண்டு நெருக்கடி. ஒன்று, பலமாகத் தட்டக் கூடாது. பரிவுச் சுற்றுக்குள் ஒரு சில போட்டோன்களுக்கு (நுண்ணலையின் சக்திப் பொட்டலங்களுக்கு) மேல் போனால் குபிட்டே நிலை மாறிவிடும். அதனால் திரும்பி வருகிற வலு மிக மிகச் சிறியது. ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்துக் கோடி பங்காக்கினால் வருகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நேரமில்லை. நல்ல குபிட் என்றாலும் தன் நிலையை ஏறத்தாழ 100 மைக்ரோ செக்கன்தான் பிடித்து வைத்திருக்கும், அதற்குள் கேட்டு முடிக்க வேண்டும், அதுவும் அந்த நேரத்தில் ஒரு சிறு துண்டுக்குள்.

கடையில் நல்ல பெருக்கிகள் கிடைக்கின்றன, திரான்சிஸ்டரில் எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம். பிறகு ஏன் மீக்கடத்தி?
*ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர், திருக்கடலூர்*

அண்ணை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிட நீங்கள்தான் பொருத்தமான ஆள். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பெரியண்ணாவும் ஒரு காலத்தில் உங்கள் தொழில்தான் செய்தார். ஒரு கோயில் திருவிழாவுக்கு மைக்கை மண்டபத்தில் வைத்து, பெருக்கியை மழைக்குப் பயந்து எட்ட ஒரு கொட்டிலில் வைத்தோம், நடுவில் நீளமான வயர், அதை மின்சார வயரோடு சேர்த்தே இழுத்துவிட்டோம். ஐயர் மந்திரம் சொல்கிறார், ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று இரைச்சல்தான் வருகிறது. நான் சின்னப் பையன், சத்தத்தைக் கூட்டுவோம் என்று குமிழைத் திருகினேன். மந்திரமும் கூடியது, இரைச்சலும் அதே அளவு கூடியது. அண்ணா ஒரு வார்த்தை பேசாமல் போய், ஒரு சின்ன முன்பெருக்கியைக் கொண்டுவந்து மைக்குக்குப் பக்கத்திலேயே, தூணோடு சேர்த்துக் கட்டினார். வயர் அதே வயர், பெரிய பெருக்கியும் அதேதான். சத்தம் வடிவாக வந்தது.

குவாண்டம் கணினியில் நடப்பது இதுதான், ஒரு துளியும் கூட்டிச் சொல்லவில்லை. எத்தனை பெருக்கியை அடுக்கினாலும் முதலாவது பெருக்கி சேர்க்கிற இரைச்சல் கடைசிவரை கூடவே வரும், ஏனென்றால் பின்னால் வருகிறவை சமிக்ஞையோடு சேர்த்து அதையும் பெருக்குகின்றன. மறுபக்கம், முதலாவது நன்றாகப் பெருக்கிவிட்டால் இரண்டாவதின் இரைச்சல் பெரிதாகத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 6 கிகாஹேர்ட்ஸில் ஒரு போட்டோனின் சக்தியை வெப்பநிலையாகச் சொன்னால் கெல்வினில் 0.29 வரும். அறை வெப்பநிலையில் எந்தத் தடையியும் தன்பாட்டில் ஆயிரம் போட்டோன் அளவுக்கு இரைச்சல் போடும். நீங்கள் சொல்கிற திரான்சிஸ்டர் பெருக்கிகளில் மிகச் சிறந்த வகையை 4 கெல்வின் குளிரில் வைத்து இப்போதும் பாவிக்கிறார்கள், அருமையான கருவிதான், ஆனால் அதன் இரைச்சல் வெப்பநிலை 2 கெல்வின் அளவில் இருக்கும். அது 7 போட்டோன். குபிட்டிலிருந்து அதுவரை வருகிற வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பத்தைத் தாண்டிவிடும். கேட்க வேண்டிய குரலே ஒரு சில போட்டோன்தான். அதனால் அதற்கு முன்னால், குபிட்டுக்குப் பக்கத்தில், மிகக் குறைந்த இரைச்சலில் 100 மடங்கு பெருக்குகிற ஒன்று வேண்டும். அது இருந்தால் பின்னால் நிற்கிற திரான்சிஸ்டரின் பத்துப் போட்டோன் இரைச்சலும் 0.1 ஆகச் சுருங்கிவிடும்.

அண்ணா தூணில் கட்டிய பெட்டியின் இடத்தில் இருப்பதுதான் மீக்கடத்திப் பெருக்கி.

அது உள்ளே எப்படி வேலை செய்கிறது? தடையே இல்லாத பொருள் எப்படிப் பெருக்கும்?
*வாசகர், கிண்ணியா*

சித்திரை வருடத்துக்கு வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டுவோமே, அதில் நின்றபடி ஆடுகிற பிள்ளையை வடிவாகக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் தள்ளிவிட வேண்டாம். ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது பிள்ளை குந்தும், அடிக்கு வரும்போது எழும்பும். ஒரு முறை போய் வருவதற்குள் இரண்டு தடவை எழும்பும், இரண்டு தடவை குந்தும். இவ்வளவுதான், ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பிள்ளை ஊஞ்சலைத் தள்ளவில்லை, ஊஞ்சலின் நீளத்தைத்தான் மாற்றுகிறது. ஆட்டத்தின் மீடிறனைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் மாற்றுகிறது.

இதே வேலையை மின்சுற்றில் செய்ய, ஊஞ்சலின் நீளத்தைப் போலச் சுற்றின் மீடிறனைத் தீர்மானிக்கிற தூண்டுதிறனை மாற்ற வேண்டும், அதுவும் சூடு இல்லாமல், செக்கனுக்குப் பல நூறு கோடித் தடவை. அதற்குக் கிடைத்த பொருள்தான் ஜோசப்சன் சந்தி. இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு நனோமீற்றர் தடிப்பில் மின் கடத்தாத காவலிப் படலம், பெரும்பாலும் அலுமினியமும் அதன் ஒட்சைட்டும். பிரையன் ஜோசப்சன் 1962இல், 22 வயது மாணவராக இருந்தபோது, வோல்ற்றளவே இல்லாமலும் அந்தப் படலத்தின் ஊடாக மின் ஓடும் என்று கணித்துச் சொன்னார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அது உண்மை என்று காட்டினார்கள். அந்தச் சந்தி ஒரு தூண்டியைப் போல நடந்துகொள்ளும், ஆனால் ஓட்டம் மாறினால் அதன் தூண்டுதிறனும் மாறும். தடை இல்லாததால் இழப்பும் சூடும் இல்லை.

இனி, எழும்பிக் குந்துகிற பிள்ளையின் இடத்தில் ஒரு பலமான நுண்ணலையை வையுங்கள், அதை ஊட்டலை என்று சொல்வோம். அது சந்தியின் தூண்டுதிறனை ஆட்டுகிறது, குபிட்டிலிருந்து வருகிற மெல்லிய அலை அந்த ஆட்டத்திலிருந்து சக்தியை வாங்கிப் பெருகுகிறது. தடையே இல்லாத பொருள் எங்கிருந்து சக்தி கொடுக்கிறது என்று கேட்டீர்கள்: ஊட்டலையிலிருந்து.

இன்னும் ஒன்றையும் ஊஞ்சலில் பார்க்கலாம். பிள்ளை முறை மாறி, உச்சியில் எழும்பி அடியில் குந்தினால் ஆட்டம் அடங்கிப்போகும். அதாவது சரியான அவத்தையில் வருகிற அலையைத்தான் பெருக்கும், மற்ற அவத்தையை அமுக்கும். இது அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

சரி, அப்படியென்றால் இரைச்சலே இல்லாத பெருக்கியைச் செய்துவிடலாம் தானே?
*ஓய்வுபெற்ற தந்தித் திணைக்கள ஊழியர், நிலாவெளி*

ஐயா, கடைசி வரைக்கும் குளிரூட்டினாலும் அரைப் போட்டோன் மிஞ்சும். இது செய்கிறவரின் கைத்திறனில் உள்ள குறை இல்லை. பௌதிகவியலாளர் கார்ல்டன் கேவ்ஸ் 1982இல் இதைத் தெளிவாக எழுதி வைத்தார்: எல்லா அவத்தையையும் ஒரே மாதிரி நன்றாகப் பெருக்குகிற எந்தப் பெருக்கியும் குறைந்தது அரைப் போட்டோன் இரைச்சலைச் சேர்த்தே தீரும். சேர்க்காவிட்டால், சில சோடி அளவுகளை ஒரே நேரத்தில் முழுத் துல்லியமாக அறிய முடியாது என்கிற ஐயப்பாட்டுக் கோட்பாடு உடைந்துவிடும்.

எங்கிருந்து வருகிறது அந்த அரை? ஊட்டலை உடைந்து சமிக்ஞையைப் பெருக்கும்போது கூடவே இன்னொரு துணை அலையும் பிறக்கிறது. சக்திக் கணக்கு சரிவர வேண்டும் என்பதால் அது இல்லாமல் முடியாது. அந்தத் துணை அலையின் மீடிறனில் நாம் ஒன்றையும் அனுப்பவில்லை, ஆனாலும் அங்கே வெறுமை என்று ஒன்று இல்லை, மிகக் குளிரிலும் ஒரு துடிப்பு இருக்கும். அதுவும் சேர்ந்து பெருகி வருகிறது. நின்றுபோன ஊஞ்சலில் பிள்ளை எழும்பிக் குந்தினாலும் அது ஆடத் தொடங்காது, முதலில் ஒரு சின்ன அசைவு வேண்டும். குவாண்டம் உலகில் எந்த ஊஞ்சலும் முழுதாக நிற்பதில்லை.

ஒரு வழி இருக்கிறது. ஒரு அவத்தையை மட்டும் பெருக்கி மற்றதை விட்டுவிட்டால் இந்த அரையும் சேராது. பெருக்குகிற பக்கத்திலேயே குபிட்டின் விடை முழுவதும் வந்து விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 1990இலேயே பெர்னார்ட் யேர்க்கும் கூட்டாளிகளும் பெல் ஆய்வுகூடத்தில் ஜோசப்சன் சந்திகளை வைத்து, வெறுமையின் துடிப்பைக்கூட ஒரு பக்கம் அமுக்கிக் காட்டினார்கள். அப்போது குபிட் என்று ஒன்று யார் கையிலும் இல்லை. கருவி தயாராக இருந்தது, அதற்கான வேலை பிறகுதான் வந்தது.

அப்படியென்றால் இப்போது எதைத்தான் செம்மைப்படுத்துகிறார்கள்? எல்லை தொட்டாயிற்றே.
*பல்கலைக்கழக மாணவன், கோணேசபுரி*

தம்பி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இரைச்சல் எல்லையைத் தொட்டது உண்மைதான், ஆனால் ஒரு குபிட்டைக் கேட்பதும் ஆயிரம் குபிட்டைக் கேட்பதும் ஒன்றில்லை. 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் 105 குபிட்கள் இருக்கின்றன. பிழை திருத்த வேண்டுமானால் அதில் ஒரு பகுதியை 1.1 மைக்ரோ செக்கனுக்கு ஒரு தடவை, திரும்பத் திரும்ப, நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு குபிட்டுக்கும் தனி வயர், தனிப் பெருக்கி என்று போனால் குளிரூட்டிக்குள் கை வைக்க இடம் இருக்காது. எனவே பல குபிட்களுக்கு வேறுவேறு மீடிறன் கொடுத்து ஒரே வயரில் விடுகிறார்கள், வானொலி நிலையங்களைப் போல.

இங்கேதான் பழைய பெருக்கி தடுமாறுகிறது. ஒரு பரிவுச் சுற்றுக்குள் ஒன்றிரண்டு சந்தியை வைத்துச் செய்தால், பரிவு என்பதே ஒரு மீடிறனைச் சுற்றித்தானே, சில பத்து மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குள்தான் அது பெருக்கும். ஏழெட்டு நிலையங்களை ஒன்றாகக் கேட்க அது காணாது. அத்தோடு, பல குரல் ஒன்றாக வந்தால் சந்தி நிறைந்துபோய் நயம், அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு, விழுந்துவிடும். உங்கள் வீட்டு ஸ்பீக்கர் சத்தம் கூடினால் கரகரக்கிறதே, அதேதான்.

முதலாவது குறைக்கு வந்த பெரிய விடை ஓடும் அலைப் பெருக்கி. ஒரே இடத்தில் அலையை நிறுத்தி வைத்துப் பெருக்காமல், ஆயிரக்கணக்கான சந்திகளை மாலை கோத்த மாதிரி வரிசையாக வைத்து, சமிக்ஞையும் ஊட்டலையும் சேர்ந்து ஓடவிடுகிறார்கள், ஓட ஓடப் பெருகும். கடலில் அலை கரைக்கு வர வர உயர்வது போல என்று எழுத வந்தேன், ஆனால் அது சரியில்லை, அங்கே அலைக்கு வெளியிலிருந்து சக்தி வருவதில்லை. 2015இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகமும் லிங்கன் ஆய்வுகூடமும் சேர்ந்து 2,000க்கு மேற்பட்ட சந்திகளோடு இதைச் செய்து காட்டின. சில கிகாஹேர்ட்ஸ் அகலம், 20 குபிட்களை ஒன்றாக வாசிக்கப் போதுமான தாங்குசக்தி.

சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். ஊட்டலை பலமானது, அது ஓடும்போது தன் அவத்தையைத் தானே மாற்றிக்கொள்ளும், சமிக்ஞையோடு கால் பொருந்தாமல் போகும். காவடி ஆட்டத்தில் மேளமும் காலும் தப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் மாலையில் சில சந்திகளுக்கு ஒரு தடவை ஒரு சின்னப் பரிவுச் சுற்றை வைத்து ஊட்டலையின் காலைச் சரிசெய்கிறார்கள். அடுத்தது, அத்தனை சந்திகளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும். அப்புறம் கொள்ளளவிகளின் காவலிப் பொருளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோன்கள் காணாமல் போகின்றன. அந்த இழப்பைக் குறைக்கிறவர்தான் இன்றைக்கு உண்மையான முன்னேற்றம் செய்கிறவர் என்பது என் எண்ணம். நயத்தை 20 டெசிபலிலிருந்து (அதுதான் முன்பு சொன்ன 100 மடங்கு) 25 ஆக்கினேன் என்று ஒருவர் சொன்னால் நான் பெரிதாக எடுக்க மாட்டேன். முதல் பெருக்கிக்கு முன்னால் போன போட்டோன் போனதுதான், பிறகு எதைக் கொண்டும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

அதே காரணத்துக்காகத்தான் சுற்றோட்டிகளையும் ஒழிக்கப் பார்க்கிறார்கள். குபிட்டுக்கும் பெருக்கிக்கும் நடுவில், அலையை ஒரு திசையில் மட்டும் விடுகிற ஒரு பெட்டி இருக்கும், உள்ளே காந்தமும் பெரைட்டு என்ற காந்தப் பொருளும். அது இல்லாவிட்டால் ஊட்டலையும் இரைச்சலும் திரும்பிப் போய்க் குபிட்டைக் கலைத்துவிடும். ஆனால் சில்லோடு ஒப்பிட்டால் அது மலை மாதிரி, காந்தம் மீக்கடத்திக்கு ஆகாது என்பதால் மூடி வைக்க வேண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் சமிக்ஞையைத் தின்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊட்டலைகளை அவத்தை பார்த்துக் கொடுத்தால் காந்தம் இல்லாமலே ஒரு திசையில் மட்டும் பெருக்க வைக்கலாம், சில்லிலேயே. அதில் அகலத்தையும் சேர்த்துக் கொண்டுவருவதுதான் இன்னும் முழுதாகக் கைகூடாத வேலை.

தாங்குசக்திக்கு வேறு இரண்டு வழிகள். பல சந்திகளைத் தொடராக வைத்துச் சுமையைப் பங்கிடுவது ஒன்று. ஜோசப்சன் சந்தியையே விட்டு, நயோபியம் தைத்தேனியம் நைத்திரைட்டு மென்படலத்தில் ஓட்டத்தோடு மாறுகிற தூண்டுதிறனைப் பாவிப்பது மற்றது. இதை 2012இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்திலும் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்திலும் வானியலை மனதில் வைத்துத் தொடங்கினார்கள். நிறையத் தாங்கும், ஆனால் ஊட்டலையும் அதிகம் கேட்கும்.

நல்ல காது என்ன தரும் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு: 2017இல் சூரிச்சில் ஒரு குழு 88 நனோ செக்கனில், 99.2 விழுக்காடு சரியாக, ஒரே தடவையில் குபிட்டை வாசித்தது.

எங்கள் ஊர் வெக்கைக்கு இந்தக் கருவி தாங்குமா?
*வாசகி, மூதூர்*

தாங்கும் அக்கா, கருவி ஊர்க்காற்றைக் காண்பதில்லை. ஹீலியம் 3, ஹீலியம் 4 என்ற இரண்டு வகை ஹீலியத்தைக் கலந்து குளிரூட்டுகிற பெரிய உருளைக்குள், 0.02 கெல்வினுக்கும் கீழே அது இருக்கும். கன்னியாக் கிணறுகள் ஏழும் பக்கம் பக்கமாக இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு அல்லவா? அந்த உருளைக்குள்ளும் தட்டுத் தட்டாக வேறுவேறு குளிர். மேலே 50 கெல்வின், பிறகு 4, அடித்தட்டில்தான் குபிட்டும் மீக்கடத்திப் பெருக்கியும். அடித்தட்டு சில பத்து மைக்ரோவாட் சூட்டைத்தான் வெளியேற்றும், அதனால்தான் மில்லிவாட் கணக்கில் சூடாகிற திரான்சிஸ்டரை அங்கே வைக்க முடியாமல் 4 கெல்வின் தட்டில் வைக்கிறார்கள்.

மகன் இந்தத் துறைக்குப் போக வேண்டும் என்கிறான். சாதாரண தரம் எழுதியிருக்கிறான். வீட்டில் இருந்தபடி என்ன செய்யலாம்?
*ஒரு தாய், சீனக்குடா*

அம்மா, குவாண்டம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தத் துறையில் நாள் முழுக்க நடக்கிற வேலையில் பாதிக்கு மேல் நுண்ணலைப் பொறியியல்: வயர், இணைப்பு, தெறிப்பு, இழப்பு, இரைச்சல். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுக்கட்டும், அலைவும் பரிவும் வருகிற அலகை மனப்பாடம் செய்யாமல் விளங்கிப் படிக்கட்டும். சிக்கலெண் கணக்கில் கை ஓட வேண்டும், அவத்தை எல்லாம் அதில்தான் எழுதப்படுகிறது.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒரு செயற்பாட்டு விரியலாக்கிச் சில்லு, இரண்டு தடையி, ஒரு மைக், ஒரு பழைய இயர்போன், இரண்டு பற்றரி போதும். முதலில் மைக்குக்கும் சில்லுக்கும் நடுவில் பத்து மீற்றர் சாதாரண வயரை, வீட்டு மின் வயருக்குப் பக்கமாக விட்டுக் கேட்கட்டும். பிறகு சில்லை மைக்கோடு ஒட்டி வைத்து, அதே வயரைச் சில்லுக்குப் பின்னால் விட்டுக் கேட்கட்டும். இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, இந்தப் பகுதிக்கு அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் அவன் அளந்ததை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.